பானெட்டுக்குள் ஒட்டிய தோல்

சென்ற ஆண்டு கத்திரி வெயில் தொடங்கிய மறுநாள் நடந்தது இது. என் நண்பர் ஜாபரின் பழைய இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சின் சூடு காலைச் சுட்டது. நாங்கள் ஆம்பூர்க்காரர்கள், எதற்கும் தோலைத்தான் தேடுவோம். பானெட்டின் உட்புறத்திலும் கால் பக்கத் தடுப்பிலும் முழுக்க எருமைத் தோலை ஒட்டினார் ஜாபர். சூடு வெளியேறும் பக்கத் துளைகளும் அதோடு மூடிப்போயின.

வேலூருக்குப் புறப்பட்டோம். கால் சுடவில்லை. கானலில் பாலாற்று மணல் நீராய் மினுங்க, பனைகள் அதில் மிதந்தன. எனக்குக் கண் சொக்கியது. தோல் வாடை வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் சாலையோரமெல்லாம் தோல் பதனிடும் ஷாப்புகள்தான்.

"தோல் ஷாப்பு வாடைதாம்பா, தூங்கு" என்றார் ஜாபர்.

விரிஞ்சிபுரம் கோபுரம் தெரிந்தபோதும் வாடை போகவில்லை.

"இங்க ஏது ஜாபர் ஷாப்பு?"

நிறுத்திப் பானெட்டைத் திறந்தோம். புகைக்குழாய்மேல் சரிந்த தோல் கனன்றுகொண்டிருந்தது. ஒரு சாண் தள்ளி பெட்ரோல் குழாய். மணலை வாரிப் போட்டு அணைத்தோம்.

"நாலு ஜோடி செருப்பாவது தைச்சிருக்கலாம்" என்றார் ஜாபர்.

இப்போது துளைகள் திறந்திருக்கின்றன. கால் பக்கம் தகரத் தகடு மட்டும். தோல் வாடை வந்தால், ஷாப்பு வாசலிலேயே ஆனாலும், காரை நிறுத்தச் சொல்லிவிடுகிறேன். ஜாபர் சலித்துக்கொண்டே இறங்கிப் பானெட்டைத் திறக்கிறார்.