சென்னையில் அவர், திருத்தங்கலில் நான், நடுவில் ஒரு பட்டாசு பில்

இரண்டு பேர் ஊருக்கு ஒருவராக உட்கார்ந்து ஒரே மென்பொருளை எழுதுவது, ஒரே இலையில் இரண்டு பேர் சாப்பிடுகிற மாதிரி. யார் எதை எடுத்தார் என்று பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் வெர்ஷன் கண்ட்ரோல். நான் மாற்றியதை அவருக்கும் அவர் மாற்றியதை எனக்கும் கொடுத்து, யார் எப்போது எதைத் தொட்டார் என்று குறித்தும் வைத்துக்கொள்ளும்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆர்டர் எடுக்க, பில் போட ஒரு மென்பொருள் எழுதி விற்றோம். திருத்தங்கலில் ஒரு அச்சகத்து மாடியில் ஆபீஸ். மாதச் சம்பளம் வேண்டுமே என்று அவர் சென்னையில் வேலையில் இருந்தார். எங்கள் மென்பொருள் ஒரு தீபாவளி சீசனைக் குறையில்லாமல் தாண்டிவிட்டால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவதாகப் பேச்சு. ஆளுக்கொரு ஊரில் குடித்தனம் நடத்துகிறவர்களே, அந்தப் பேச்சை நம்பி நான் எத்தனை கஸ்டமரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்திருப்பேன் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

மீன் குழம்பு

ஒவ்வொரு மாற்றத்தை அனுப்பும்போதும் என்ன செய்தோம் என்று ஒரு வரிக் குறிப்பு எழுத வேண்டும். அவருடைய குறிப்புகள் எல்லாம் 'வரிக் கணக்கு சரி செய்யப்பட்டது' ரகம். நான் அப்படி இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, இங்கே மழை, கால் வலி என்று எல்லாவற்றையும் அதில் போட்டுவிடுவேன். எஸ்.டி.டி. பில் ஏறாமல் பேச எனக்குக் கிடைத்த வழி அதுதான்.

எங்கள் முதல் கஸ்டமர் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி. ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். ஒரு நாள் அவர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் புதிய மாற்றங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். என் குறிப்புகள் திரையில் வரிசையாக ஓடின. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார்: 'பில் நம்பர் சரி பண்ணியாச்சு. இன்னிக்கு மீன் குழம்பு.' அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"பில்லு சரியாயிருச்சு, சரி. மீன் கொளம்ப யாரும்மா சாப்பிட்டது?"

ஒரே வரியில் இரண்டு பேர்

இரண்டு பேரும் ஒரே வரியை ஒரே சமயத்தில் மாற்றிவிட்டால் இந்த மென்பொருள் நடுவர் வேலை பார்க்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கிவிடும். பில்லில் தள்ளுபடியைக் கழித்துவிட்டுப் பேக்கிங் கூலியைச் சேர்ப்பதா, சேர்த்துவிட்டுக் கழிப்பதா என்பதில் ஒரு நாள் அப்படி மாட்டிக்கொண்டோம். சென்னை வியாபாரி ஒருவர் சொன்னதை வைத்து அவர் எழுதியிருந்தார். நான் என் வழக்கப்படி எழுதியிருந்தேன்.

அன்றைக்கு நான் இருந்தது அண்ணாச்சி ஆபீஸில். அவர் போனிலிருந்தே வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "உங்க வரியை எடுத்துருங்க" என்றேன். "முடியாது, நீ உன்னோடதை எடு" என்றார். உண்மையைச் சொன்னால் யார் வரி இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். விட்டுக்கொடுத்தால் போனை வைத்துவிடுவார். அதனால் விடவில்லை. அவரும் விடவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அண்ணாச்சி டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"ஏம்மா, கூலி முன்னாடியா பின்னாடியான்னு இங்கன இருக்க எங்கிட்டக் கேட்டா ஒரு வார்த்தையில சொல்லிருப்பேன். இதுக்கா இம்புட்டு நேரம்?"

ஆயுத பூசை

நாங்கள் எழுதியதெல்லாம் சேர்ந்து கிடக்கும் சர்வர் என்பது எங்கள் ஆபீஸ் மூலையில் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டர். ஆயுத பூசையன்று கீழே அச்சகத்தில் மிஷின்களை எல்லாம் நிறுத்தி, துடைத்து, பொட்டு வைத்தார்கள். எங்கள் ஆபீஸில் வேலை பார்த்த பேச்சியம்மாளும் சர்வரை ஸ்விட்சை அணைத்து அமர்த்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டுவிட்டாள். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் பூசை முடியாமல் தொடக் கூடாது. சீசன் உச்சத்தில் இருந்தது. லாரி ஆபீஸ் பில்லில் ஒரு திருத்தத்தை அனுப்ப முடியாமல் சென்னையிலிருந்து அவர் கத்தினார். பேச்சியம்மாள் அசையவில்லை. எனக்கும் தொட மனசு வரவில்லை.

மறுநாள் காலையில் விருதுநகரில் இறங்கி, பஸ் மாறி, ஆள் நேரில் வந்து நின்றார். சட்டைப் பையில் பென் டிரைவ். மெயிலிலேயே அனுப்பியிருக்கலாம். அதை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவருக்கு இலை போட்டுப் பரிமாறியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாயங்காலப் பஸ்ஸுக்கு அவர் கிளம்பிப் போனதும் பேச்சியம்மாள் சர்வரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"யக்கா, தீவாளி வரைக்கும் இத அமத்தியே வச்சிருப்பமா?"

குறையில்லாத சீசன்

அந்தத் தீபாவளிக்கு ஒரே ஒரு புகார்தான் வந்தது. சாத்தூர் பார்சல் பில்லில் லாரி சர்வீஸ் பெயர் நீளமாக இருந்ததால் கடைசி எழுத்துகள் வெட்டுப்பட்டுவிட்டன. சரக்கு ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தது. நான் சந்தோஷமாகப் போன் செய்தேன். "குறை வந்துருச்சே, இன்னும் ஒரு சீசன் பாப்பமே" என்றார். சம்பள வேலையை விட்டுவிட்டு வரப் பயப்படுகிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

தீபாவளி கழிந்து இனிப்புப் பெட்டியோடு அண்ணாச்சி வந்தார். வீட்டுக்காரர் எப்போது வருகிறார் என்று கேட்டார். மறைக்காமல் சொல்லிவிட்டேன். சிரித்தார்.

"எம்புட்டுப் பாத்துச் செஞ்சாலும் பெட்டிக்கு ஒரு வெடி நமுத்துத்தாம்மா போவும். அதுக்காவத் தீவாளிய அடுத்த வருசத்துக்குத் தள்ளியா வைக்கிறோம்? கெளம்பி வரச் சொல்லு."

வெட்டுப்பட்ட பெயரைச் சரி செய்தேன். அண்ணாச்சி சொன்னதை ஒரு எழுத்து விடாமல் குறிப்பில் தட்டி அனுப்பினேன். சாயங்காலம் சென்னையிலிருந்து ஒரு மாற்றம் வந்து விழுந்தது. திறந்து பார்த்தால், நிரலில் சும்மா ஒரு காலி வரியைச் சேர்த்திருந்தார். குறிப்பில் முதல் தடவையாக என்னைப் போலவே எழுதியிருந்தார்.

"தை பொறந்ததும் வந்துருறேன்."

யார், எந்த வரியை, எத்தனை மணிக்கு மாற்றினார் என்று ஒன்று விடாமல் சொல்லும் அந்த மென்பொருள், எந்த வருஷத்துத் தை என்பதை மட்டும் சொல்லவில்லை.