வெங்காயம் உரித்த மாஸ்டர்

1979 மார்ச் 12, திங்கட்கிழமை, காலை பத்து இருபது. மேகம் ஒன்றுகூட இல்லாத வெயில். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் நான் தற்காலிக குமாஸ்தா. இயந்திரம் பொருத்த வரும் ஜெர்மன் இன்ஜினீயரைக் குறையில்லாமல் கவனித்துக்கொண்டால் வேலையை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

‘என் ஷெஃப்பும் உடன் வருகிறார்’ என்று இன்ஜினீயர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஆங்கில அகராதியை மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் தலைமைச் சமையல்காரர் என்றே இருந்தது. விருந்தினர் விடுதியில் சமைக்கும் பாயிடம், அவர்கள் மாஸ்டரையே கூட்டிவருகிறார்கள், அடுப்படியை விட்டுக்கொடுங்கள் என்றேன். டீ மாஸ்டர், புரோட்டா மாஸ்டர் மாதிரி இவரும் ஒரு மாஸ்டர்தானே. பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது.

ஜீப்பிலிருந்து முதலில் இறங்கியவர் தொந்தியும் நரைமுடியுமாக, பார்த்தாலே சமையல்காரர்போல இருந்தார். பாயோடு அடுப்படிக்கு அனுப்பிவைத்தேன். இளைஞரான இன்ஜினீயருக்கு மாலை போட்டு, மேனேஜர் பக்கத்தில் உட்காரவைத்தேன். பதினெட்டு நிமிடம் கழித்து, ஷெஃப் எங்கே என்று இன்ஜினீயர் கேட்டார். அடுப்படியில் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. வந்திருப்பவர் தன் மேலதிகாரி என்றார். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில், வேலை போனது என்றே நினைத்தேன்.

மூவரும் ஓடினோம். பெரியவர் முக்காலியில் உட்கார்ந்து, கண்ணீர் வழிய, பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“வால நறுக்கிட்டு உரிங்க மாஸ்டர். ஒங்க ஊருல வெங்காயமே கெடையாதா?” என்று பாய் அதட்டிக்கொண்டிருந்தார்.

‘மாஸ்டர்’ என்றதைப் பெரியவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டாராம். வெங்காயம் உரிப்பது இந்த ஊர் வரவேற்பு என்று நினைத்தாராம்.

நான் நடந்ததைச் சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்தார். பிரெஞ்சுக்காரர்களுக்கு ‘ஷெஃப்’ என்ற சொல் எந்தத் தலைவரையும் குறிக்கும், ஜெர்மன் அதை வாங்கி ஆபீஸ் நாற்காலியில் உட்காரவைத்தது, ஆங்கிலம் வாங்கி அடுப்படிக்கு அனுப்பியது, உங்கள் மேல் தப்பில்லை என்றார். ஆங்கிலத்து ‘மாஸ்டர்’ எங்கள் ஊருக்கு வந்து டீ ஆற்றுகிற கதையை நானும் சொன்னேன். மேனேஜரே சிரித்துவிட்டார்.

“அப்ப இங்க யாருதான் சார் மாஸ்டரு?” என்றார் பாய்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். பெரியவர் எழுந்து, கரண்டியை எடுத்துப் பாயின் கையில் கொடுத்தார்.

அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது. வெங்காயம் உரித்த அன்று சாயங்காலமே பெரியவருக்கு ஒன்று, பாய்க்கு ஒன்று என்று மாலை வாங்கிப் போட்டேன். ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு அதற்குப் பிறகு எத்தனையோ முறை திண்டாடியிருக்கிறேன். இவ்வளவு மலிவாக, இவ்வளவு சந்தோஷமாகத் தப்பித்தது அந்த ஒரு முறைதான்: இரண்டு மாலைக்கும் சேர்த்து ஆறு ரூபாய் நாற்பது பைசா.