மூன்றாவது தெர்மோஸ்டாட்

லாரி டிப்போவின் உதிரிபாகக் கிடங்கில் அக்காவுக்குப் பதினாறு வருட உத்தியோகம். 'கெட்டில் அக்கா' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். கெட்டுப்போனதென்று மெக்கானிக்குகள் கழற்றித் தரும் சாமானை அப்படியே குப்பையில் போட அவருக்கு மனசு வராது. இஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் என்றால், பழைய கெட்டிலில் போட்டுக் கொதிக்கவிடுவார். சூடேறினால் அது வாய் திறக்க வேண்டும், ஆறினால் மூட வேண்டும். "அக்கா குடுக்குற டீயை யோசிச்சுக் குடிங்கப்பா" என்று கேலி செய்வார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ரொட்டி லாரி மக்கர் பண்ணியது. ஓட்டுபவர் அக்காவின் கொழுந்தன். காலையில் கிளப்பினால் வெள்ளைப் புகை. ஒரு மணி நேரம் ஓடியும் சூடு காட்டும் முள் அசையாது. ஹீட்டரில் வருவதும் குளிர்காற்றுதான். கண்ணாடியில் உள்பக்கம் பனி படிந்து, ஒருநாள் வளைவில் லாரி மயிரிழையில் தப்பியது. தெர்மோஸ்டாட்டை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. "குளிர் லாரிக்கா, டிரைவருக்கா?" என்று மேனேஜர் கேட்டது கொழுந்தனுக்குச் சுருக்கென்று தைத்தது.

தலைமை மெக்கானிக் மூன்றாவது தெர்மோஸ்டாட் கேட்டு வந்தார்.

"தர மாட்டேன் அண்ணே. கழட்டின ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு. கொதிக்க வச்சுப் பாத்துட்டேன்."

"சாமான் குடுக்குறதுதாம்மா உங்க வேலை."

"காலைல இஞ்சின் ஜில்லுன்னு இருக்கறப்ப ஒருதடவை தொட்டுப் பாக்குறேன். அப்பவும் வேணும்னா எடுத்துக்கங்க."

சொல்லிவிட்டாரே தவிர, லாரியின் வயிற்றுக்குள் அவர் அதுவரை கைவிட்டதே இல்லை.

மறுநாள் காலை கொழுந்தன் லாரியைக் கிளப்ப, தலைமை மெக்கானிக் பக்கத்தில் நின்று பார்க்க, அக்கா ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். இஞ்சின் சூடாகும்வரை தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். தண்ணீர் ரேடியேட்டர் பக்கம் போகக் கூடாது, குழாயும் குளிர்ந்தே கிடக்க வேண்டும். ஆனால் ஐந்து நிமிடத்தில் அது வெதுவெதுத்தது. டிரைவர் முன்னால் சூடு காட்டும் முள் இன்னும் அடியிலேயே கிடந்தது.

"தெர்மோஸ்டாட் கதவு மூடித்தான் இருக்கு அண்ணே. தண்ணி ஏதோ சந்து வழியா ஓடுது."

மெக்கானிக் இஞ்சினை நிறுத்தச் சொல்லி, தெர்மோஸ்டாட்டின் மேல்மூடியைக் கழற்றினார். தெர்மோஸ்டாட்டைச் சுற்றி உட்காரும் ரப்பர் வளையம் இறுகிப்போய், ஒரு பக்கம் பிய்ந்துபோயிருந்தது. புது தெர்மோஸ்டாட் வரும் பெட்டியில் வளையம் வருவதில்லை. அவர் அதைக் கையில் வைத்து எல்லாரும் பார்க்கக் காட்டினார்.

"ரெண்டு தடவையும் பழசையே போட்டது நான்தான்."

"பெட்டில வளையம் இல்லைங்கறது எனக்கும் தோணலையே" என்று சொல்லிவிட்டு, அக்கா புது வளையம் எடுத்துவரப் போனார்.

அன்றைக்கு ரொட்டியோடு அக்காவும் கொஞ்ச தூரம் போனார். இருபதாவது நிமிடம் முள் நடுவுக்கு வந்து நின்றது. கண்ணாடி துடைத்துவிட்டதுபோல் தெளிந்தது.

"அண்ணி, கோட்டைக் கழட்டிக்கட்டுமா? வேர்க்குது" என்றார் கொழுந்தன். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த வாரமே மேனேஜரிடம் போய், "என்னைப் பட்டறைக்குக் கேக்குறாங்க, நானும் போறேன்னு சொல்லிட்டேன்" என்றார். கேட்டவர் தலைமை மெக்கானிக். நாற்பத்தொன்பது வயதில் அக்கா கிடங்குச் சாவியை ஒப்படைத்தார். அவர் அளவுக்கு யூனிஃபார்ம் கிடைக்கவில்லை. ஆண்களுடையதையே வாங்கி, கையைச் சுருக்கித் தைத்துப் போட்டுக்கொண்டார்.