மருந்து வேலை செய்கிறது

பாரிவாக்கத்தில் எங்கள் தெருக் காலி மனையிலிருந்த சாரைப்பாம்புகளைப் போன மாதம் அக்கம்பக்கத்தார் ஆள் வைத்துப் பிடித்து அகற்றினார்கள்.

எலிகள் பெருகின. கார் வயர்களைக் கடித்தன. எதிர்வீட்டுக்காரர் எலி மருந்து வைத்தார்.

இன்று காலை என் வீட்டு முருங்கை மரத்தடியில் ஆந்தை ஒன்று செத்துக் கிடந்தது. மருந்து தின்ற எலியைத் தின்றிருக்கும் என்று நினைக்கிறேன். தவறாகவும் இருக்கலாம். ஆனால் அதன் ஜோடி இன்னும் உயிரோடு இருக்கிறது.

அதற்காகவே தயங்கித் தயங்கி, ஆந்தை செத்ததைச் சொல்லி, மருந்தை எடுத்துவிடலாமா என்று எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"இன்னா சார், காலங்காத்தால! அது கத்துனா எங்க ஊட்ல ஒருத்தரும் தூங்குறதில்ல. போய்த் தொலையட்டும்."

"எலியைத் தின்னுட்டிருந்ததே அதுதாங்க."

"தின்னுச்சு, செத்துச்சு. மருந்து நல்லா வேலை செய்யுது பாருங்க!"

திரும்பி வந்தேன். ஆந்தையைப் புதைத்தேன்.

மாலையில் அவரே வந்தார்.

"சார், எலி இன்னும் கீது. ரெண்டு பூனை கொண்டாந்து வுடலாமா? நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

"மருந்தை எடுத்துடுவீங்களா?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும் சார். ரெண்டும் சேர்ந்து வேலை செய்யட்டும்."

இப்போது அந்த ஒற்றை ஆந்தை என் தண்ணீர்த் தொட்டி மேல் எலிக்காகக் காத்திருக்கிறது.

எங்கள் தெருவில் அடுத்தது பூனை. உங்கள் தெருவில் எதுவரை வந்திருக்கிறீர்கள்?