அரை வட்டம்

கம்பெனியில் எங்கள் அசெம்பிளி லைனில் ஒரு பலகை தொங்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வட்டம். வேலை கற்கக் கற்க அதைக் கால், அரை, முழுசு என்று கறுப்பாக்குவார்கள். என்னுடையதை அரையாக்கச் சொல்லி சூப்பர்வைசரிடம் நான் போட்ட சண்டை கேன்டீன் வரை கேட்டது.

கம்பெனிக்குப் பக்கத்தில், வல்லம் வடகால் ஊரின் காலி மனையில் ஞாயிறுதோறும் நாங்கள் நடத்தும் சேற்றுச் சைக்கிள் பந்தயத்துக்கும் அதே வட்டக் கணக்குதான். புதியவர்களுக்குக் கால் வட்டம், ஓட்டிப் பழகியவர்களுக்கு அரை வட்டம் என்று தனித்தனிப் போட்டி. நடுவில் வாய்க்கால் வந்தால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கால் வட்டத்தில் நான் மூன்று முறை கோப்பை வாங்கினேன். மேலே போ என்று யாரும் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

மூன்றாவது முறை எனக்கு அடுத்து வந்தவள் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த திருநெல்வேலிப் பெண். முகத்துச் சேற்றைத் துடைத்தபடி கேட்டாள்:

"யக்கா, லைன்ல அரை வட்டம் வேணும்னு சண்டை போட்டியளாம்லா. இங்க மட்டும் கால் வட்டமே போதுமா?"

சுரீரென்று கோபம் வந்தது. பந்தயத்துக்குப் பெயர் எழுதுபவரிடமிருந்து மார்க்கரைப் பிடுங்கி, அங்கிருந்த பெயர்ப் பலகையில் என் கால் வட்டத்தை நானே அரையாக்கினேன்.

அடுத்த ஞாயிறு கால் வட்டக் கோப்பை அவளுக்குப் போனது. நான் அரை வட்டப் போட்டியில், வாய்க்காலில் இரண்டு பேரை முந்தி ஆறாவதாக வந்து, தொண்டை கிழியக் கத்தினேன்.

"இன்னாம்மா, ஆறாவதா வந்துட்டு இந்தக் கத்து கத்துற?" என்றார் கொடி பிடித்திருந்த அண்ணன்.

"பின்ன? இன்னிக்குத்தாண்ணா ஓட்டத் தெரிஞ்சவங்களை முந்திகீறேன்!"