கிணற்றுக்குத் தீர்மானம் போட்டவர்

என் வீட்டுக்காரர் பூச்சி காட்டி ஓட்டு வாங்கியவர். சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் தண்ணீரைச் சோதிக்கிற உத்தியோகத்தில் இருந்தார். மாமனார் காலமானதும் நிலத்தைப் பார்க்க ஊர் திரும்பினோம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் ஊர். பஞ்சாயத்து போர்டுத் தேர்தல் வந்ததும் இவரும் நின்றார். மற்றவர்கள் வெற்றிலை பாக்கோடு ஓட்டுக் கேட்டார்கள். இவர் மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், குளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு வைத்து, “பாருங்க, இதைத்தான் குடிக்கோம்” என்றார். குனிந்து பார்த்தவர்கள் அலறினார்கள். ஓட்டு கொட்டியது, பிரசிடெண்டும் ஆனார். எனக்கு அப்போது பெருமை தாங்கவில்லை.

அடுத்த ஆனியில் சாரல் பிடித்தது, குற்றாலத்துக்குக் கூட்டம் வந்து இறங்கியது. சீசனில் எங்கள் ஊரில் பாதி வீடுகள் வாடகைக்குப் போகும். போர்டு மெம்பர்கள் பெரும்பாலும் அந்த வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள், அல்லது காபி கிளப் முதலாளிகள். அந்த நேரம் பார்த்துச் சந்தையடித் தெருவில் இரண்டு பேர் வாந்திபேதியில் போனார்கள். இவர் சந்தைக் கிணற்றுத் தண்ணீரை எடுத்துவந்து வீட்டிலேயே சோதித்தார். தண்ணீரில் காலராக் கிருமி இருந்தது. “கிணத்தை மூடணும், இன்னைக்கே தண்டோரா போடணும்” என்று சொல்லிவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போனார்.

திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: “தண்ணி நல்லாத்தான் இருக்குன்னு தீர்மானம் போட்டாச்சு. ஏகமனதா.”

“கிருமிக்கு அந்தத் தீர்மானத்தைப் படிச்சுக் காட்டினியளா?” என்றேன்.

“ஏட்டி, கத்தாத. காலரான்னு பேச்சுக் கிளம்பினா சீசனே படுத்துரும். என்னையும் எறக்கிருவானுவ. பதவியில இருந்தாத்தான நாளைக்குக் குழாய்த் தண்ணி கொண்டார முடியும்? சீசன் முடியட்டும், மூடிருவோம்.” கொஞ்சம் தயங்கி, “நம்ம வீட்டுல மட்டும் கொதிக்க வச்சுக் குடு” என்றார்.

ஒன்றும் தெரியாதவன் சொல்லியிருந்தால் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். இவர் எல்லாம் தெரிந்தவர். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்ல? அன்று வந்த ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் நெல் குத்த வருகிறவள் சந்தையடித் தெருக்காரி. அவளுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் ஓடியாடத் தொடங்கியிருந்தது. மறுநாள் அவளிடம் சொன்னேன்: “அந்தக் கிணத்துத் தண்ணி வேண்டாம்ட்டி. பிள்ளைக்கு இங்கன இருந்து கொண்டு போ.”

“நீங்க ஏம்மா பயப்படுதிய? ஐயாவே நல்ல தண்ணின்னு சொல்லிட்டாவள்லா. பூச்சியக் கண்ணுல காட்டினவுக பொய் சொல்லுவாவளா?”

“ஐயா பொய்தான் சொல்லுதாவ” என்றேன்.

உலக்கையை நிறுத்தி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “ஐயாகூடச் சண்டையாம்மா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். கத்திச் சொன்னேன், சத்தியம் செய்தேன். அவளுக்கு அது புருஷன் பெண்டாட்டி சமாச்சாரமாகத்தான் பட்டது.

அந்த வாரமே குழந்தை போய்விட்டது. இவர் துக்கம் கேட்கப் போனார், நானும் போனேன். அவள் இவர் காலைப் பிடித்துக்கொண்டு, “என்னத்தைத் தின்னு தொலைச்சுதோ தெரியலையே ஐயா” என்று அழுதாள். “தின்னதுல இல்லட்டி, குடிச்சதுல” என்று நான்தான் சொன்னேன். அதன்பிறகு அவள் எங்கள் வாசல் மிதிக்கவில்லை.

சீசன் முடிந்து கிணற்றை மூடினார்கள். அடுத்த தேர்தலில் அதையே சொல்லி ஓட்டுக் கேட்டார், கிணற்றை மூடிய பிரசிடெண்டாம். வரி கட்டுகிறவர்களுக்குத்தான் அப்போது ஓட்டு. அந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்த ஒரு குடிசைக்கும் கிடையாது. அப்பா என் பேருக்கு எழுதிவைத்த நிலத்தின் புண்ணியத்தில் எனக்கு இருந்தது. அந்தக் காலத்தில் ஆளுக்கொரு நிறத்தில் ஓட்டுப் பெட்டி. தன் பச்சைப் பெட்டியை மறந்துவிடாதே என்று சொல்லி அனுப்பினார். எதிராளியின் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து அவர் முகத்துக்கு நேரே சொன்னேன்.

“உன் ஒத்த ஓட்டுல என்ன ஆகப்போகுது?” என்று சிரித்தார்.

ஒன்றும் ஆகவில்லைதான். ஜெயித்து, மாலையோடு மேளதாளத்தோடு வந்து வாசலில் நின்றார். யாரோ ஆரத்தித் தட்டை என் கையில் கொடுத்தார்கள். அத்தனை பேர் பார்க்க அதை மண்ணில் கொட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.