திருநாள் வாரத்துச் சராசரி

மாவட்ட அரசாங்கக் கச்சேரியில் புள்ளிவிபர உத்தியோகத்தராக இருந்த காலத்தில் என்னுடைய ஆகப் பெரிய பிழை, கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லாத ஓர் அறிக்கை.

போர் ஓய்ந்து மீள்குடியேற்றம் முடிந்திருந்த நேரம். நான்கு மீன்பிடி ஊர்களில் சராசரி வருமானம் ஆகக் குறைந்த ஊருக்குப் படகு எஞ்சின்கள் முழுவதையும் கொடுப்பதாக ஒரு திட்டம் வந்தது.

"சும்மா சராசரியைக் காட்டினா கொழும்பில ஏற்கமாட்டினம். அனோவா செய்துகொண்டு வாங்கோ," என்றார் எங்கள் மேலதிகாரியான சேர்.

அனோவா ஒன்றும் பூச்சாண்டி இல்லை. ஊருக்கு ஊர் உள்ள வித்தியாசம், ஒரே ஊருக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைவிட எத்தனை மடங்கு என்று பார்ப்பது. அந்த மடங்குதான் எஃப். அது போதிய அளவு பெரிதானால், வித்தியாசம் தற்செயலாக வந்ததல்ல என்று எடுத்துக்கொள்ளலாம்.

மற்ற மூன்று ஊர்களுக்கும் மற்ற உத்தியோகத்தர்கள் போனார்கள். நான்காவதான அரிப்பு என் சொந்த ஊர். வேதக்கோயில் திருநாளுக்கு எப்படியும் லீவு போடுவேன். ஒரே பயணத்தில் இரண்டு வேலை என்று படிவங்களையும் தூக்கிக்கொண்டு போனேன். திருநாள் முடிந்த மறுநாள், சாப்பிட்ட ஆட்டிறைச்சி செமிக்க முதலே, வீடு வீடாகப் போய் கடந்த ஏழு நாளில் உழைத்த காசு எவ்வளவு என்று கேட்டு எழுதினேன்.

எஃப் நான் கண்டிராத அளவுக்குப் பெரிதாக வந்தது. அரிப்பு ஆகக் கடைசி. மறுநாள் சேர் கையெழுத்து வைப்பதாக இருந்தது. எனக்கு உள்ளுக்குள் நல்ல சந்தோசம். எஞ்சின் கேட்டு எழுதிக் கொடுத்தவர்களில் என் அண்ணாவும் ஒருவர்.

நான்கில் இன்னோர் ஊரான எருக்கலம்பிட்டியின் படிவங்களை நிரப்பிய நிஸார் என் தாளை எட்டிப் பார்த்தார். அது அவருடைய ஊர். போரில் விரட்டப்பட்டு, புத்தளத்தில் அகதிகளாக இருந்து, வெறுங்கையோடு திரும்பி வந்து தொடங்கிய சனம்.

"என்ன மிஸ், உங்கட ஊரில படகு வச்சிருக்கிற சம்மாட்டிக்கும் அவரிட்டக் கூலிக்குப் போறவருக்கும் ஒரே உழைப்போ?"

பகிடியாகத்தான் கேட்டார். எனக்கு அப்போதுதான் தலையில் அடித்தது போல இருந்தது. நான் கேட்ட ஏழு நாளும் திருநாள் வாரம். எங்கள் ஊரில் அந்த வாரம் ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை. சம்மாட்டிக்கும் பூச்சியம், கூலிக்காரருக்கும் பூச்சியம். அதை நான் வறுமை என்று எடுத்திருந்தேன். ஊருக்குள் வித்தியாசம் சுருங்கி, ஊருக்கு ஊர் வித்தியாசம் விரிந்துவிட்டது. எஃப் பெரிதாகாமல் என்ன செய்யும்?

வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். நிஸாருக்கு விசயம் பிடிபடவில்லை. ஆனாலும் பின்னேரம் சேரிடம் போய்ச் சொன்னேன்.

"கையெழுத்து வைக்கிற நேரத்திலயோ பிள்ளை இதைச் சொல்லுறீங்கள்?" என்று தலையில் கையை வைத்தார். பிறகு இரண்டு கிழமை, பதினான்கு நாள், தவணை தந்தார்.

இந்த முறை நான்கு ஊர்களிலும் ஒரே கிழமையில், திருநாள் பெருநாள் இல்லாத கிழமையில், எடுத்தோம். வித்தியாசம் உண்டு என்று சொல்ல எஃப் தாண்ட வேண்டிய அட்டவணைப் பெறுமானத்தை அது தொடவேயில்லை. எந்த ஊரையும் ஆகக் கடைசி என்று சொல்ல வழியில்லை. எஞ்சின்களை நான்கு ஊருக்கும் பிரித்து, சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். அண்ணாவுக்கு விழவில்லை.

அந்தச் சனிக்கிழமை பயந்து பயந்துதான் வீட்டுக்குப் போனேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். அண்ணா கிழிந்த வலையைப் பொத்துவதை நிறுத்தினார்.

"எஞ்சின் போனாப் போகட்டும். வந்த சனம் முழுப்பேருக்கும் நாங்கள் சோறு போட்ட கிழமை அது. நீயும் இருந்து சாப்பிட்டனி. சாப்பிட்ட கையாலயோ எங்களைப் பட்டினி எண்டு எழுதினனி?"

வித்தியாசம் உண்டு என்று மட்டும்தான் எஃப் சொல்லும். ஏன் என்பதை ஊரில்தான் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு நான் தயாரித்த ஒவ்வொரு படிவத்திலும் வருமானத்துக்கு முதல் ஒரு கேள்வி இருந்தது: இந்தக் கிழமை தொழிலுக்குப் போனீர்களா? போகாவிட்டால், ஏன்?